சுண்ணாம்பு விரலும் பூஜ்யக் கரைசலும்

முப்பத்தோரு வருஷம் உப்பு கரைத்தவன் நான். உத்தியோகத்துக்குப் பெயர் என்னமோ முதுநிலை ஆய்வக உதவியாளர். செய்தது உப்பு கரைத்ததுதான். இப்போது எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு புது மிஷின் வந்திருக்கிறது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான செல்களை அதுவே பிடித்து, அதுவே அளந்து, அதுவே படம் போட்டுக் காட்டிவிடுமாம். கரைசல் எல்லாம் சீல் வைத்த பாட்டிலில் கம்பெனியிலிருந்தே வந்துவிடுமாம். அங்கே இருக்கிற பிள்ளைகள் தென்காசியில் என் வீடு தேடி வந்து, "அண்ணாச்சி, நீங்க கையால கலக்கின காலத்தப் பத்தி எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடுதோம்" என்றார்கள். என்னத்தை எழுத? நன்றாகக் கலக்கினேன் என்றால் ஒரு வரியில் முடிந்துபோகும். அதனால் கெடுத்ததை எழுதுகிறேன். கடையநல்லூர்ப் பிள்ளை ஒருத்தி நாலு வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பட்டத்தை, என் வலது கை ஆள்காட்டி விரலால் கவிழ்க்கப் பார்த்தேன்.

ஆய்வகம் குற்றாலம் போகிற வழியில், இலஞ்சியைத் தாண்டி, வயலுக்கு நடுவில் இருக்கிறது. சின்னக் கட்டடம். சன்னலைத் திறந்தால் மலை. நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு அங்கே போனபோது பாட்டில் கழுவத்தான் எடுத்தார்கள். இரண்டு வருஷம் கழுவினேன். பிறகு தராசு, பிறகு அமில கார மீட்டர், பிறகு கண்ணாடிக் குழாய் இழுக்கிற மிஷின். படித்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மேடம் கேட்ட கேள்விகளில் கற்றுக்கொண்டது.

எங்கள் ஆய்வகத்தின் பிழைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. ரத்தக் குழாயின் சுவரில் தசைச் செல்கள் இருக்கின்றன. செல்லுக்குள் கால்சியம் ஏறினால் தசை இறுகும், குழாய் சுருங்கும். இப்படியே இறுகிக்கொண்டு போனால் ஆள் என்ன ஆவது? அதற்கு அந்தச் செல்லே ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் மேல் சவ்வில் பொட்டாசியம் வெளியே போக ஒரு கதவு உண்டு. அந்தக் கதவைத் திறப்பதும் அதே கால்சியம்தான். கால்சியம் ஏறும், கதவு திறக்கும், பொட்டாசியம் வெளியே போகும், செல் அடங்கும், தசை தளரும். முறுக்கினவனே அவிழ்த்தும் விடுகிறான்! எவ்வளவு கால்சியத்துக்குக் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும், கதவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் துணைப் புரதம் அதை எப்படி மாற்றும், இதைத்தான் வருஷக்கணக்கில் அளந்துகொண்டிருந்தோம்.

காலையில் தென்காசிக் கறிக்கடையிலிருந்து ஆட்டுக் குடலின் ரத்தக் குழாய் ஐஸ் பிளாஸ்கில் வரும். அதைப் பிரித்துத் தனித்தனிச் செல்லாக்க வேண்டும். முடியைவிட மெல்லிய முனை வைத்த கண்ணாடிக் குழாயைச் செல்லின் மேல் வைத்து, வாயால் லேசாக உறிஞ்சினால், சவ்வு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் சவ்வில் ஒரு துணுக்கு மட்டும் பிய்ந்து குழாயோடு வரும், உள்பக்கம் வெளியே தெரிய. அந்தத் துணுக்கில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒரே ஒரு கதவு இருக்கும். இப்போது அது நம் கைக்குள். எந்தக் கரைசலில் நனைக்கிறோமோ அதுதான் அதற்குச் செல்லின் உள்பக்கம். கால்சியம் கொஞ்சம் கொடுக்கலாம், நிறையக் கொடுக்கலாம், ஒன்றுமே கொடுக்காமலும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாததற்குப் பெயர் பூஜ்யக் கரைசல். அதில் கதவு ஏறத்தாழ மூடியே கிடக்க வேண்டும். மற்ற அளவெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

அந்தத் திரையை நான் எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கோடு போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு படி ஏறும், நிற்கும், இறங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு புரதம் வாய் திறந்து மூடுகிறது, அதை இங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கும். சாரல் நாளில் மத்தியானமே அறை மங்கிவிடும். மலையிலிருந்து மேகம் இறங்கி வயலில் படுத்துக்கிடக்கும். தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம், பம்பின் முனகல், பச்சைக் கோடு. கண் சொருகும். தூங்குகிறேனா முழித்திருக்கிறேனா என்று தெரியாத ஒரு இடத்தில் மணிக்கணக்காக இருந்திருக்கிறேன். என் வாழ்க்கையின் சந்தோஷத்தில் பாதி அந்த மங்கலில்தான் இருந்தது, இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இயக்குநர். வீரகேரளம்புதூர்ப் பக்கம் பெரிய குடும்பம். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். அவ்வளவுதான். இன்று மழை வரும் மேடம் என்றாலும் அதே கேள்விதான். நோட்டில் தப்பாக எழுதினால் அடித்துக் கிறுக்கக் கூடாது, மேலே ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்து. ஒரு தடவை நான் வெள்ளை மை பூசிவிட்டேன். மேடம் அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மைக்குப் பின்னால் இருந்த எண்ணை வாசித்துக் காட்டிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நஸீமா வந்தது என் கடைசிப் பத்து வருஷத்தில். கடையநல்லூர். கல்யாணம் ஆகி, மாப்பிள்ளை கல்ஃபில். மாமனார் வீட்டில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் வருவாள். பட்டம் வாங்கினதும் மாப்பிள்ளையிடம் போய்விட வேண்டும், அதுவும் அடுத்த நோன்புப் பெருநாளுக்குள் என்று வீட்டில் பேச்சு. அந்த ஒரு வாக்கின் பேரில்தான் அவளை விட்டு வைத்திருந்தார்கள். கை அப்படி ஒரு கை! நாங்கள் இருபது தடவை வைத்து ஒன்று ஒட்டினால் அவளுக்கு ஐந்தில் ஒன்று ஒட்டும். ஆனால் கரைசல் மட்டும் என்னிடம்தான் வாங்குவாள். "அண்ணாச்சி கலக்குனாத்தான் எனக்கு நம்பிக்கை" என்பாள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

மூன்றாம் வருஷச் சாரலில் அவள் ஒரு விஷயத்தைக் கண்டாள். பூஜ்யக் கரைசலில் மூடிக் கிடக்க வேண்டிய கதவு திறந்து திறந்து மூடியது. புரட்டாசி பிறந்ததும் நின்றுபோனது. அடுத்த ஆனியில் சாரல் கட்டியதும் மறுபடி ஆரம்பித்தது. மேடம் "எப்படித் தெரியும், எப்படித் தெரியும்" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். எண்ணெல்லாம் சரியாக இருந்தது. சாரல் குளிரில் மேய்கிற ஆட்டின் ரத்தக் குழாயில் துணைப் புரதம் கூடுகிறது, அதனால் கால்சியம் இல்லாமலேயே கதவு திறக்கிறது. அப்படி ஒரு எண்ணம் உருவாயிற்று. பருவத்துக்குத் தக்கபடி செல் தன் கதவை மாற்றிக்கொள்கிறது! அடேயப்பா, எவ்வளவு அழகான எண்ணம். நான் பஸ்ஸில் போகும்போது சாரலில் நனைந்து மேய்கிற ஆடுகளைப் பார்த்து, உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும் டோய் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். நஸீமாவின் ஆய்வேடே அதன் மேல்தான் நின்றது. கட்டுரையும் எழுதி முடித்து, வெள்ளிக்கிழமை அனுப்புவதாக இருந்தது.

அதற்கு முந்தின வாரம் செங்கோட்டையில் மச்சினன் வீட்டுக் கல்யாணம். நாலு நாள் லீவு. திரும்பி வந்தபோது நஸீமா கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"நீங்க இல்லாதப்ப கரைசல் தீந்துபோச்சு அண்ணாச்சி. நானே கலக்கினேன். நாலு நாளா கதவு தெறக்கவே மாட்டேங்குது. சாரலும் இருக்கு, ஆடும் அதே கடை ஆடுதான். நான்தான் எங்கனயோ தப்பு பண்ணுதேன். நீங்க ஒரு தடவை கலக்குங்க, நான் பக்கத்துல நின்னு பாக்கேன்."

சரி என்று ஆரம்பித்தேன். தண்ணீர், பொட்டாசியம் உப்பு, பிறகு ஈஜிடிஏ. இந்த ஈஜிடிஏதான் காவல்காரன், தண்ணீரில் தப்பித்தவறி இருக்கும் கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நூறு மில்லிக்கு ஒரு அளவாகத்தான் போடுவோம். பிறகு கரைசலைச் சுழற்றுவதற்குக் குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு காந்தக் கட்டை. அதைச் சிமிட்டாவால், அதாவது சின்ன இடுக்கியால், எடுத்துப் போட வேண்டும். நான் விரலால் எடுத்து, தண்ணீருக்குள் விரலை விட்டு, சத்தம் வராமல் அடியில் வைப்பேன். கண்ணாடி கீறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். மற்ற மாதத்தில் கையுறை போட்டிருப்பேன். சாரலில் கை பிசுபிசுத்து உறை ஏறாது, அதனால் அந்த மூன்று மாதமும் வெறுங்கைதான்.

அந்த மூன்று மாதம்தான் நான் வெற்றிலையும் போடுவேன். அதுவும் இரண்டு வருஷமாகத்தான், குளிருக்கு இதமாக இருக்கும்.

விரலைத் தண்ணீரில் விட்டபோது பார்த்தேன். நகத்துக்கு அடியில் வெள்ளையாக ஒரு கோடு. சுண்ணாம்பு. சுண்ணாம்பு என்றால் கால்சியம், வேறென்ன? நகத்திலும் ரேகையிலும் தங்கியிருந்தது அரை மிளகு அளவு இருந்தால்கூடப் போதும், நூறு மில்லியில் காவல்காரன் திணறிவிடுவான். அமில கார மீட்டர் ஏன் இத்தனை நாள் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் அந்த நிமிஷமே விளங்கிற்று. சுண்ணாம்பு காரம். ஆனால் ஈஜிடிஏ கால்சியத்தைப் பிடிக்கும்போது அமிலத்தை விடும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, முள் எப்போதும் போல நிற்கும். சாரலில் ஆடு மாறவில்லை. நான்தான் மாறினேன்.

நஸீமா பக்கத்தில் நின்று என் கையைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் அந்தக் கரைசலில் கதவு பட்பட்டென்று திறந்தது. "பாத்தீங்களா! ஒங்க கை வேற அண்ணாச்சி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தேனே, அதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய், புதன். எனக்கு ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, பிள்ளைக்குப் பட்டம் கிடைக்கும், பெருநாளுக்குள் மாப்பிள்ளையிடம் போய்ச் சேர்வாள். சொன்னால் இரண்டு சாரல் வேலையும் குப்பை. புதன் சாயங்காலம் ஐந்தருவி வரைக்கும் பஸ்ஸில் போய், குளிக்காமல் நின்றுவிட்டு வந்தேன். அவ்வளவு பெரிய தண்ணீர் கொட்டுகிறது, எனக்கு நகம்தான் கண்ணில் நின்றது.

வியாழக்கிழமை காலை மேடம் அறைக்குப் போனேன். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்படித் தெரியும்?"

"என் நகத்துல பாத்தேன் மேடம்."

"எப்போ?"

"செவ்வாக்கிழமை."

துடைப்பது நின்றது. "நஸீமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல மேடம். மொதல்ல உங்ககிட்ட..."

"அது அவ வேலை இசக்கிமுத்து. அவகிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கணும். போய்ச் சொல்லிட்டு வாங்க, நான் இங்கதான் இருக்கேன்."

நஸீமா, மின் இரைச்சல் புகாமல் மிஷினைச் சுற்றி வைத்த கம்பிவலைக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குழாய் நுனியில் ஒரு துணுக்கு, திரையில் கோடு. நான் சொல்லச் சொல்ல அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடித்ததும் குழாயைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். துணுக்கு போயிற்று.

"ரெண்டு சாரல் அண்ணாச்சி" என்றாள். பிறகு எழுந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். "ஒரு கையுறை போட முடியலயா ஒங்களுக்கு? நான் மாமாகிட்ட என்னத்தச் சொல்ல? அவுங்ககிட்ட என்னத்தச் சொல்ல? செவ்வாக்கிழமையே தெரியும்னுதீங்க, எங்கூட சேந்து சிரிச்சீங்களே!"

அழுதேன். ஐம்பத்தாறு வயசு ஆள், அந்தப் பிள்ளை முன்னால் நின்று அழுதேன்.

மேடம் என்னைத் திட்டவில்லை, வேலையைவிட்டு நீக்கவும் இல்லை. பரிசோதனை வைத்தார். "நகத்துல வெள்ளையா இருந்ததுங்கிறது தெரியும். அதுதான் கதவத் தொறந்துதுன்னு எப்படித் தெரியும்?" எட்டு பாட்டில் பூஜ்யக் கரைசல் கலக்கச் சொன்னார். நாலு பாட்டில் நான் வழக்கப்படி வெற்றிலை போட்டு, வழக்கப்படி வெறும் விரலால். நாலு பாட்டில் கையைத் தேய்த்துக் கழுவி, உறை போட்டு, சிமிட்டாவால். வேணுமென்று அதிகம் தடவக்கூடாது, குறைக்கவும் கூடாது. ஆபீஸ் கிளார்க் பாட்டிலுக்கு எண் ஒட்டி, எது எதுவென்ற சீட்டை உறையில் போட்டு ஒட்டினார். நஸீமாவுக்கு எண் மட்டும்தான் தெரியும்.

எல்லாரும் நிற்கிற இடத்தில் பகல் பதினோரு மணிக்கு நான் வெற்றிலை மென்றுகொண்டு கரைசல் கலக்கினேன். கேவலம்தான். "சாதாரணமா மெல்லுங்க, அவசரப்படாதீங்க" என்றார் மேடம். கிளார்க்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வெளியே போய்விட்டார். நஸீமா மூன்று நாள் உட்கார்ந்து எட்டையும் அளந்தாள். நாலில் கதவு திறக்கிறது, நாலில் மூடிக் கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்தாள். உறையைப் பிரித்தால் எட்டும் சரி. "நம்மகிட்ட இருக்கிறதுலயே நல்ல கால்சியம் மீட்டர் அந்தக் கதவுதான்" என்றார் மேடம். கட்டுரை போகவில்லை. நஸீமா தன் நோட்டை எடுத்து, இரண்டு சாரலின் பக்கங்களிலும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வைத்தேன். சாயங்காலம் வரைக்கும் ஆனது.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூர் போனேன். நஸீமாவிடம் கேட்டுக்கொண்டுதான் போனேன், "வாங்க, நான் சொன்னா மாமா நம்ப மாட்டாங்க" என்றிருந்தாள். மாமனார் ஜவுளி வியாபாரி. தொழுதுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பாய், தப்பு என்னுது. புள்ள மேல ஒண்ணுமில்ல. இன்னும் ஒரு வருஷம் குடுக்கணும்" என்று ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

"பட்டம் கெடச்சிருக்கும்."

"யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"இப்பத் தெரியாது. பின்னால எவனாவது செஞ்சு பாத்துட்டு, அப்படி ஒண்ணும் வரலயேன்னு எழுதுவான். அப்ப என் பேரு எங்கயும் இருக்காது பாய். புள்ள பேருதான் இருக்கும்."

அவர் உள்பக்கம் திரும்பி, "ஏம்மா நஸீமா, இவருக்கு டீ குடு" என்றார். பிறகு என்னிடம், "மவன்கிட்ட நான் பேசுதேன். ஒரு வருஷந்தான். அவனும் அங்கன ஒத்தையிலதான் கெடக்கான், அதையும் நீங்க நெனைக்கணும்" என்றார். நினைத்தேன். இரண்டு பேரைப் பிரித்து வைத்திருக்கிறது என் விரல் என்று டீ குடிக்கும்போதெல்லாம் நினைத்தேன்.

வாசல் வரை வந்து நஸீமா சொன்னாள்: "நீங்க வந்தது பெரிய காரியம் அண்ணாச்சி. ஆனா இனிமே எனக்கு வேண்டியத நானே கலக்கிக்கிடுதேன். கோவிச்சுக்கிடாதீங்க."

"கோவம் என்னம்மா" என்றேன்.

அந்த ஒரு வருஷம் அவள் பேய் மாதிரி உழைத்தாள். துணைப் புரதம் இருந்தால் கதவு எவ்வளவு குறைந்த கால்சியத்துக்குத் திறக்கிறது, இல்லாவிட்டால் எவ்வளவு என்பதை, ஆட்டையும் மழையையும் விட்டுவிட்டு, முதலிலிருந்து அளந்தாள். எனக்குக் கண்ணாடி இழுக்கிற வேலை, பாட்டில் வேலை. வெற்றிலையை விட்டுவிட்டேன். அவள் என்னோடு பேசுவாள், சிரிப்பாள், பெருநாளுக்குப் பிரியாணி கொண்டுவந்து கொடுப்பாள். கரைசல் மேஜைப் பக்கம் நான் போனால் மட்டும் அவள் கை அறியாமல் மூடியை எடுத்து மூடும். அவள் செய்தது சரி. வலித்தது, ஆனாலும் சரி.

மறு வருஷம் ஆடி. வெளியே நல்ல சாரல், சன்னல் முழுக்க வெள்ளை. கடைசித் தொகுதி. பூஜ்யக் கரைசலை ஆய்வாளர் அல்லாத இரண்டாவது ஆள் கலக்கி, அதிலும் கதவு மூடிக் கிடக்கிறது என்று காட்ட வேண்டும் என்று மேடம் புதிதாக விதி வைத்திருந்தார். ஆய்வகத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்கும் கலக்கத் தெரியும். நான் என் ஸ்டூலில் உட்கார்ந்து குழாய் இழுத்துக்கொண்டிருந்தேன். நஸீமா வந்து, கழுவிக் காயவைத்த ஒரு பிளாஸ்டிக் குடுவையை என் முன்னால் வைத்தாள்.

"அண்ணாச்சி, நீங்க கலக்குங்க."

"வேண்டாம்மா. அவங்க ரெண்டு பேருல யாரையாவது..."

"நீங்கதான். நான் அங்கன போய் உக்காந்திருக்கேன், முடிச்சிட்டுக் கொண்டாங்க." பக்கத்தில் நிற்காமல் திரும்பிப் போய்விட்டாள்.

கையை எத்தனை தடவை கழுவினேன் என்று எண்ணவில்லை. பிசுபிசுத்த கையில் உறையை ஏற்றக் கால் மணி நேரம் ஆனது. சிமிட்டாவால் காந்தக் கட்டையை எடுத்தபோது இரண்டு தடவை மேஜையில் விழுந்தது, இரண்டு தடவையும் கழுவினேன். கலக்கி முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் கரைசல் ஓடுகிற குழாயில் ஏற்றினாள். முதலில் கால்சியம் உள்ள கரைசலில் கதவு நன்றாகத் திறந்து மூடியது, ஆள் உயிரோடுதான் இருக்கிறான். பிறகு என் கரைசலுக்கு மாற்றினாள்.

கோடு அடங்கியது. நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். ஒரு நிமிஷம். கூரையில் தூறல். ஏதோ படி ஏறியது மாதிரி இருந்தது, என் கண்தான் துடித்திருக்கிறது. இரண்டு நிமிஷம். மூன்று நிமிஷம். பச்சைக் கோடு நேராக, அலுங்காமல், போய்க்கொண்டே இருந்தது. ஒன்றுமே நடக்கவில்லை.

அளவு முடிந்த பிறகும் அவள் மிஷினை நிறுத்தவில்லை. அந்த வெறுங்கோட்டை நாங்கள் இரண்டு பேரும் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.